வாய்க்கால் வாயில் கிடந்த ஈயம்

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்கு மேல் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. எங்கள் கரைக்கு ஆறு என்றால் வெள்ளவாய்க்கால்தான். மாரி மழைக்கு ஊர்த்தண்ணீர் முழுவதும் அதற்குள்ளால் ஓடிவந்து ஆழமில்லாத களக்கடலில் விழும். விழுகிற இடத்தை வாய்க்கால் வாய் என்போம். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடம். திரளி, இறால், நண்டு எல்லாம் அங்கே வந்து கூடும்.

அந்த இடத்தை இரண்டு வருசம் என் கையாலேயே கெடுத்தேன். பிறகு ஒருவரையும் அதில் மீன் பிடிக்க விடவில்லை. பின்னதை மட்டும் எழுதினால் பெருமை பேசினதாகிவிடும். ஆகவே முன்னதிலிருந்து தொடங்குகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு திரும்பவும் சண்டை தொடங்கிய பிறகு, கடற்படை சுடும் என்று ஆழக்கடலுக்குப் போக ஏலாமற் போயிற்று. வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து வைத்தேன். மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், வாய்க்கால் ஓரமாகக் கொட்டில் போட்டுப் பற்றறி கட்டும் வேலை நடத்தினார். அப்போது மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில்தான் கிடைத்தது, புதுப் பற்றறியை அரசாங்கம் வர விடாது. றேடியோவில் செய்தி கேட்கவும், கல்யாண வீட்டில் ஒரு விளக்கு எரிக்கவும் வாகனங்களின் பழைய பற்றறிதான். அவற்றை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருக்கி, திரும்ப வார்த்துக் கட்டிக் கொடுப்போம். மிஞ்சின ஈயத்தை வலைக்குக் குண்டாக வார்த்து விற்போம். மச்சான் கெட்டிக்காரர். ஊரில் பாதிப் பேர் அவருடைய பற்றறியில்தான் செய்தி கேட்டார்கள்.

வேலைக்கு நாங்கள் இரண்டு பேர். மற்றவர் சண்டிலிப்பாய்க்காரர். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசினுக்கு எண்ணெய் இல்லாமல் புகையிலையைக் கைவிட்டுவிட்டு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. அண்ணை என்று கூப்பிடுவேன். அவர் சிரட்டைக்கரி போட்டுத் துருத்தி ஊதி ஈயத்தை உருக்குவார். நான் பற்றறியைப் பிளந்து கழுவுவேன்.

பற்றறியின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு இருக்கும். உருகின ஈயத்தின் மேலே பாலாடை போலக் கசடு படியும். அதை வழிக்கும்போது ஈயமும் துளித்துளியாக ஒட்டிக்கொண்டு வரும். இதையெல்லாம் அசிட் தண்ணீரோடு சேர்த்துக் கைவண்டியில் ஏற்றி, கிழமையில் இரண்டு நாள் மதகடியில் கொட்டிவிட்டு வருவேன். மதகிலிருந்து வாய்க்கால் வாய் ஐம்பது பாகம், அதாவது நூறு யார்கூட இல்லை.

“கடல் கொண்டுபோகும்” என்றார் மச்சான்.

களக்கடலில் அந்த இடத்தில் நீரோட்டம் இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும். ஒரு தேங்காய்ப் பொச்சு விழுந்தால் அடுத்த மாரி வரை அங்கேயே ஊறிக்கொண்டு கிடக்கும். நீர் அசையாமல் நிற்பதால்தான் மீன் அங்கே வருகிறது. தெரிந்துகொண்டே கொட்டினேன். மறுத்துக் கதைக்க எனக்கு வாய் வராது, அது ஒன்று. ஈயத்துக்கு நாங்கள் பயந்தவர்கள் இல்லை, அது மற்றது. வலை கட்டும்போது ஒரு பிடி ஈயத்துண்டை வாய்க்குள் போட்டு வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக நாக்கால் முன்னுக்குத் தள்ளி, கயிற்றில் வைத்துப் பல்லால் கடித்து இறுக்குவோம். இரண்டு கையும் வலையில் இருக்கும்போது வேறு என்ன செய்வது? எங்கள் அப்பன்மாரும் அப்படித்தான் செய்தார்கள்.

இரண்டாம் வருசம் சண்டிலிப்பாய் அண்ணைக்கு வயிற்றுக் குத்து வந்தது. கறுவாத் தண்ணீர் குடித்துப் பார்த்தார். முகம் வெளிறிக்கொண்டே போயிற்று. ஒருநாள் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்கிறார், மணிக்கட்டு மடங்கித் தொங்குகிறது. கோப்பை விழுந்து உடைந்தது. இடக்கையால் வலக்கையைத் தூக்கிப் பார்த்தார். அது திரும்பவும் தொங்கியது.

“உதென்ன, கை என்ரை சொல்லுக் கேக்குதில்லை” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

சைக்கிள் பாரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் அவருடைய மேலுதட்டைத் தூக்கிப் பல்லு முரசைப் பார்த்தார். நீலமாக ஒரு கோடு. “என்ன தொழில்?” என்றார். சொன்னோம். என்னையும் கூப்பிட்டு உதட்டைத் தூக்கினார். எனக்கும் மெல்லிதாக இருந்ததாம்.

“உருக்கிற கழிவை எங்கை போடுறீங்கள்?”

அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “வாய்க்காலுக்கை” என்றேன்.

டொக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஈயம் உக்காது, கரைந்து போகாது, அந்தச் சேற்றில் பூச்சியும் புழுவும் இருக்கும், அவற்றை நண்டும் மீனும் தின்னும், அந்த நண்டையும் மீனையும் நாங்கள் தின்போம் என்றார். பெரிய ஆட்களைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கூடாது, மூளை வளராது என்றார். “சோதிச்சுப் பார்க்க இஞ்சை வசதி இல்லை. கொட்டுறதை நிப்பாட்டுங்கோ. அந்த இடத்து மீனைத் தின்னாதேங்கோ.”

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. மச்சான் ஆள் அனுப்பினார். அதற்கும் போகவில்லை. அண்ணை ஊருக்குத் திரும்பினார். அவருக்கு வாயில் சோறு தீத்துகிறது மனைவிதான் என்று கேள்வி.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. களக்கடல் ஓரத்தைப் பாடு பாடாகப் பிரித்து வைத்திருந்தோம். ஒரு பாடு என்றால் ஒருவர் தடி நட்டு வலை கட்டி மீன் பிடிக்கக்கூடிய இடம். எல்லாமாக இருபத்திரண்டு. மாரிக்கு முன் கோயில் முற்றத்தில் கூடி, இலக்கம் எழுதின ஓலைத் துண்டுகளை ஒரு புதுப்பானையில் போட்டுக் குலுக்கி, எங்கள் வேதக்கோயில் பாதிரியாரான பங்குச் சுவாமி ஒவ்வொருவருக்கும் ஒன்று எடுத்துக் கொடுப்பார். வருசம் முழுவதும் அந்தப் பாடு அவருடையது. இன்னொருவர் அதில் வலை போடக் கூடாது. ஆழக்கடல் அடைபட்ட பிறகு எங்களுக்கு இருந்த ஒரே கடல் அதுதான். ஆகவே அந்தத் துண்டுக்காக ஒவ்வொரு வீட்டிலும் செபம் நடக்கும்.

அந்த வருசம் எனக்குப் பதினேழாம் பாடு வந்தது. வாய்க்கால் வாய்.

“அண்ணைக்குச் சுவாமி கண் பார்த்து எடுத்திருக்கிறார்” என்று என்னைக் காட்டிப் பின்னால் ஒருத்தன் சொன்னான். கரையில் ஆகத் திறமான பாடு அதுதான். ஒருவர் என் முதுகில் தட்டினார். நான் துண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன்.

வீட்டில் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. டொக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இஞ்சருங்கோ, சாப்பாட்டுக்கு என்ன வழி?” என்றாள். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், ஒருத்திக்கு ஏழு, மற்றவளுக்கு நான்கு. “பாட்டை மாத்திக் குடுங்கோவன். எத்தினை பேர் கேப்பினம்.”

“மாத்தினால் எடுக்கிறவன் பிடிப்பான்தானே?”

“பிடிச்சால் பிடிக்கட்டும். உங்களுக்கென்ன?”

“கொட்டினது நானெல்லே?”

அவள் எழும்பி அடுப்படிக்குப் போனாள்.

துண்டு கிடைத்தவர்கள் தடி நட்டு வலை கட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் முதல் மீனைக் கோயில் முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாப் பாட்டு மீனும் ஒரே பெரிய கிடாரத்தில் விழும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா கரைத்து, பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் போட்டுக் கூழ் காய்ச்சுவார்கள். பிலாவிலையைக் கோலி அதில் கரை முழுவதும் குடிக்கும். பிள்ளைகள்தான் முதலில். முதல் மீன் கொண்டுவராதவன் பாட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைத் திரும்பக் குலுக்கி இன்னொருவருக்குக் கொடுப்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் வாய்க்கால் வாய்க்குப் போனேன். பூவரசந்தடிகளை நட்டேன். ஒரு தடியை இறக்கி இழுக்க, நுனியில் சாம்பல் சேறு வந்தது. கறுப்பு மண்ணுக்கு நடுவே தனியாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு நண்டு சேற்றைக் கிள்ளி வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தது. நல்ல கொழுத்த நண்டு. வலையைக் கட்டவில்லை. ஒரு வாளி நிறையச் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு காலை முற்றத்தில் பெண்கள் வட்டமாக இருந்து மீன் வெட்டினார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக ஓலைக் கடகத்தைக் கொண்டுவந்து சாக்கில் கவிழ்த்தார்கள். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர் சம்மாட்டியார். கரையில் பெரிய வலைகள் எல்லாம் அவருடையவை. அவர் இலக்கம் இலக்கமாகக் கூப்பிட்டார்.

“பதினேழு எங்கை?”

நான் வாளியை அவருக்கு முன்னால் வைத்தேன்.

“உதென்னடாப்பா, நண்டோ?”

“சேறு, சம்மாட்டியார்.”

“அண்ணை சேத்துக்கூழ் காய்ச்சப் போறார்” என்றான் ஒருத்தன். “உப்புப் போடத் தேவையில்லை” என்றான் இன்னொருத்தன். சிரிப்பு கொஞ்ச நேரம் அடங்கவில்லை.

கதைக்கத் தெரியாதபடியால் கையில் வேலையோடு போயிருந்தேன். வீட்டிலிருந்து அரிக்கன்சட்டியைக் கொண்டுவந்திருந்தேன். அரிசி கழுவுகிற மண்சட்டி, உள்ளே வரிவரியாகக் கீறல் இருக்கும், கல் அதில் தங்கிவிடும். அதில் சேற்றைப் போட்டேன். தண்ணீர் விட்டு, அரிசி அரிக்கிற மாதிரி ஆட்டி ஆட்டி ஊற்றினேன். மூன்றாம் தண்ணீரில் மண் போயிற்று. நாலாம் தண்ணீரில் கீறல்களுக்குள் சின்னச் சின்னக் குறுணி மின்னியது.

“இஞ்சருங்கோ, உது என்ரை சட்டியெல்லே?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. “நேற்றிலை இருந்து வீடு முழுக்கத் தேடுறன்.”

அதற்கும் சிரித்தார்கள். சம்மாட்டியார் சிரிக்கவில்லை. ஒரு குறுணியை எடுத்து நகத்தால் அழுத்தினார். நகம் பதிந்தது.

“ஈயம்” என்றார்.

மச்சான் கூட்டத்துக்குள் நின்றார். “வலைக் குண்டுதானே. எத்தினை காலமா வலை போட்ட இடம். விழாமல் இருக்குமே?” என்றார். நியாயமாகத்தான் இருந்தது. பலர் தலையாட்டினார்கள்.

“வலைக் குண்டெண்டால் கயிறு போன தடம் இருக்கும்” என்றேன். “பல்லுப் பட்ட அடையாளம் இருக்கும். உதிலை ஒண்டும் இல்லை. இது கசடு வழிக்கேக்கை விழுகிற துளி. நான்தான் கொட்டினனான். கிழமைக்கு ரெண்டு வண்டில். ரெண்டு வருசம்.”

என் குரல் முன்வரிசைக்குத்தான் கேட்டது. அவர்கள் பின்னுக்குச் சொன்னார்கள். அது போய்ச் சேரும்வரை நான் நின்றேன். பிறகு டொக்டர் சொன்னதைச் சொன்னேன். சண்டிலிப்பாய் அண்ணையின் கையைப் பற்றிச் சொன்னேன். அதுவும் அப்படியே பின்னுக்குப் போயிற்று.

“ரெண்டு வருசம் என்ரை சோத்தைத் திண்டிட்டு இப்ப சபையிலை கதைக்கிறாய்” என்றார் மச்சான்.

“ஓம், திண்டனான்” என்றேன்.

சம்மாட்டியார் யோசித்தார். “எங்கடை அப்பு வாய் நிறைய ஈயம் வைச்சு வலை கட்டினவர். எண்பது வயசு மட்டும் இருந்தார். நீ சொல்லுறதை நான் என்னெண்டு நம்புறது?”

“எனக்குத் தெரியாது, சம்மாட்டியார். மீனுக்குள்ளை எவ்வளவு இருக்கெண்டு பாக்க இஞ்சை மிசின் இல்லை. அந்தச் சேத்தைத்தான் நண்டு தின்னுது. அதை என்ரை கண்ணாலை கண்டனான். அந்த நண்டை இந்தக் கிடாரத்துக்குள்ளை நான் போடமாட்டன்.”

“மீனுக்கு உன்ரை தடி தெரியுமே? பதினாறுக்கும் பதினெட்டுக்கும் போகாதே?” என்றார் ஒருவர்.

“போகும்தான்” என்றேன்.

“அப்ப முதல் மீன் இல்லை. வழக்கம் தெரியும்தானே. துண்டைத் தா, திரும்பக் குலுக்குவம்” என்றார் சம்மாட்டியார்.

“எடுக்கிறவர் இப்பவே கையைத் தூக்கட்டும். தன்ரை பிள்ளைக்கு அந்த மீனைக் குடுக்கிறனெண்டு சொல்லட்டும். தாறன்.”

ஒருவரும் தூக்கவில்லை. பின்னுக்கு ஒரு இளந்தாரி, “நாங்கள் ஏன் தின்ன வேணும்? சந்தைக்குப் போடலாம்தானே. கோப்பாய்ப் பக்கத்து ஆக்கள் வாங்குவினம்” என்றான். அவன் கெட்டவன் இல்லை. வீட்டில் எட்டுப் பேர். ஒருநேரச் சாப்பாடு. எனக்கு அது தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது.

“கோப்பாயிலை பிறந்தது பிள்ளையில்லையே?” என்றேன். இந்த முறை பின்னுக்கும் கேட்டது. “துண்டு என்ரை. வருசம் முழுக்க என்ரை. நான் வலை கட்டமாட்டன். வேறை ஆரும் கட்டினால் அறுப்பன்.”

மச்சான், “விசர் பிடிச்சவன்” என்றார். “உவனுக்கு என்னிலை எரிச்சல். கொட்டில் தன்ரை பேரிலை இல்லையெண்டு. அதுக்கு ஒரு வாளி சேறு.”

மனைவி எழும்பினாள். கையில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. சட்டியைக் குனிந்து பார்த்தாள். பிறகு தமையனைப் பார்த்தாள்.

“அண்ணை, உது உங்கடை கொட்டில் ஈயம் இல்லையெண்டு கோயிலைப் பார்த்துச் சொல்லுங்கோ. நான் இப்பவே வீட்டை போய் வலையைக் கொண்டு வாறன்.”

கோயில் கதவு திறந்திருந்தது. மச்சான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சைக்கிளை எங்கே விட்டதென்று தேடுகிற மாதிரிச் சுற்றிப் பார்த்தார். சைக்கிள் பக்கத்திலேயே நின்றது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“துண்டை வைச்சிரு” என்றார் சம்மாட்டியார் என்னிடம். “முதல் மீன் தராதவனுக்குக் கூழ் இல்லை. அதுவும் வழக்கம்தான்.”

“ஓம்” என்றேன். நாங்கள் நாலு பேரும் வீட்டுக்கு வந்தோம். சின்னவள் கூழுக்கு அழுதாள். மரவள்ளிக்கிழங்கை அவித்து உப்போடு தின்றோம். சட்டியை மனைவி கொண்டுவரவில்லை. இனி அதில் அரிசி அரிக்க மாட்டேன் என்று அங்கேயே உடைத்துவிட்டாளாம். பிறகு சொன்னாள்.

அந்த வருசம் தடிகள் வெறுமனே நின்றன. “அண்ணை காகம் பிடிக்கிறதுக்குப் பாடு கட்டியிருக்கிறார்” என்றார்கள். காகம் இருந்ததும் உண்மைதான். மாரிக்குத் திரளி துள்ளுகிற சத்தம் எங்கள் முற்றம்வரை கேட்டது. கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். விடிய எழும்பிக் கூலிக்கு விறகு கொத்தப் போவேன், சில நாள் இருட்டோடு வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மைல் நடந்து வேறு கரைக்குப் போவேன். அங்கே நான் வெளியூரான், வந்தான் வரத்தான். அந்த ஊரார் கடலுக்கு இறங்க முதல், ஆறு மணிக்குள் எறிந்துவிட்டு ஓடிவர வேண்டும். மனைவி கடகம் இழைத்தாள். பிள்ளைகளுக்கு வயிறு நிறைந்த நாட்கள் குறைவு. அதை மறைக்க ஒன்றுமில்லை.

இரண்டு முறை என் பாட்டில் வலை கட்டியிருந்தார்கள். இரண்டு முறையும் பகலில், எல்லாரும் பார்க்க, அறுத்துக் கரையில் போட்டேன். சண்டைக்கு ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. எனக்கு அடிபிடி பழக்கமில்லை.

கொட்டிலுக்கு மச்சான் புது ஆள் பிடித்தார். அவன் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு மதகுக்கு வந்தான். நான் மதகுக் கட்டின் மேல் குந்தியிருந்தேன்.

“எழும்புங்கோ அண்ணை, கொட்ட வேணும்.”

“என்ரை மேலை கொட்டு.”

அவன் வண்டியை நிறுத்தினான். பீடி ஒன்று கேட்டான். என்னிடம் இல்லை என்றேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். நாலைந்து கிழமை இப்படி நடந்தது. பிறகு வரவில்லை. கொட்டில் வளவுக்குள்ளேயே கிடங்கு வெட்டிப் போடுகிறார்கள் என்று அறிந்தேன். பக்கத்தில் கிணறு இருக்கிறது, அதுவும் கூடாது என்று படலை வாசலில் நின்று சொன்னேன். மச்சான் நாயை அவிழ்த்துவிட்டார். அடுத்த கிழமையும் போய்ச் சொன்னேன். மனைவியும் வந்தாள். அவளுக்கு அந்த நாய் பழக்கம், கடிக்காது.

அடுத்த மாரிக்கு முன் திரும்பவும் கோயில் முற்றத்தில் கூடினோம். நான் வழக்கமாகக் கடைசியில் நிற்கிறவன். அன்றைக்கு முன்னுக்குப் போய் நின்றேன். இருபத்திரண்டு துண்டும் பானைக்குள் விழுந்தன.

“பதினேழை எனக்குத் தாங்கோ. குலுக்க வேண்டாம்” என்றேன்.

“அப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை” என்றார் சம்மாட்டியார். “உனக்கெண்டு இருந்தால் வரும்.”

“வராட்டில்?”

“வராட்டில் வேறை பாடு வரும். நல்லதுதானே. வலை கட்டு, பிழைச்சுக்கொள்.”

“வேறை ஆளுக்கு வந்தால் அவர் கட்டுவார்.”

“உது இனி உன்ரை பாடில்லையடாப்பா.”

பானைக்குள் பங்குச் சுவாமியின் கையைத் தவிர வேறு கை போனதில்லை. அன்றைக்கு என் கை போயிற்று. துண்டுகளை அள்ளி வெளியே எடுத்தேன். பாயில் ஒவ்வொன்றாக வைத்து வாசித்தேன். எண் வாசிக்க ஐந்தாம் வகுப்புப் போதும். ஒருவர், “டேய், என்ன வேலை செய்யிறாய்?” என்றார். சம்மாட்டியார் எழும்பப் பார்த்தார். சுவாமி அவருடைய கையைப் பிடித்தாரோ, அவரே இருந்தாரோ, நான் பார்க்கவில்லை. எனக்குத் துண்டுகளில்தான் கண். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ பதினேழு வந்தது. அதை எடுத்துச் சேட்டுப் பையில் வைத்தேன். மற்ற இருபத்தொன்றையும் பானைக்குள் போட்டு, பானையைத் தூக்கிச் சுவாமியின் கையில் கொடுத்தேன்.

“இனிக் குலுக்குங்கோ” என்றேன்.